குற்றமே குணமான உலோகம்

நுவரெலியா நகரம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் அமைந்திருத்தலின், கொழும்பிலே 760 மில்லிமீற்றர் பாதரசத்தை ஏந்தி நிற்கும் வளிமண்டலத்தின் பாரம் அங்கே 610 மில்லிமீற்றர் அளவுக்குக் குறைந்துபோகிறது; கேத்தலில் வைத்த தண்ணீரும் நூறு பாகையை எட்டுவதற்கு முன்பாக, தொண்ணூற்று நான்கு பாகை அளவிலேயே கொதித்துவிடுகிறது. அந்நகருக்குத் தலைமாட்டில் நிற்கும் பிதுருதலாகல மலை 2,524 மீற்றர் உயரமுடையது. இலங்கையில் அதனிலும் உயர்ந்த நிலம் இல்லை. ஆயினும் அச்சிகரத்தில் ஏறி நிற்பவரைச் சூழ்ந்து, கடற்கரைக் காற்றின் நாலில் மூன்று பங்கு இன்னும் எஞ்சியே இருக்கிறது. மலையேறிக் காற்றை விட்டு விலகுவது அத்துணை அரிதாயிருக்க, கட்டைவிரல் பருமனுள்ள ஒரு கண்ணாடிக் குழலுக்குள், ஒரு மில்லிமீற்றரின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அழுத்தமே மிஞ்சும்படி சூன்யத்தை உண்டாக்கி, அதை அடைத்து முத்திரையிட்டு, கப்பலிலும் ரயிலிலும் ஏற்றி, ஹட்டனுக்கும் நானுஓயாவுக்கும் ஒரு காலத்தில் அனுப்பிவைத்தார்கள். வானொலிப் பெட்டியின் வால்வு என்று நாம் அறிந்த பொருள் அதுவே. அந்தச் சூன்யத்தை வருஷக்கணக்கில் கெடாமல் காத்த பதார்த்தங்களின் சரித்திரத்தையும், அவற்றுள் பிந்தி வந்து பெரும்பேர் பெற்ற டைட்டேனியம் என்னும் உலோகத்துக்கும் இம்மலைநாட்டுக்கும் உள்ள சம்பந்தத்தையும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இலங்கையில் வானொலி ஒலிபரப்பு 1925ஆம் ஆண்டு டிசம்பரில் கொழும்பில் முறையாகத் தொடங்கியது. தந்தித் திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராயிருந்த எட்வர்ட் ஹார்ப்பர் அதற்கு முன் நடத்திய பரீட்சார்த்த ஒலிபரப்புக்கு, முதல் உலக யுத்தத்தில் பிடிபட்ட ஜெர்மானிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றின் வானொலிக் கருவியிலிருந்து கழற்றிய பாகங்கள் உதவின என்பது பிரசித்தமான விஷயம். மலைநாட்டில் அக்கருவியின் பாக்கியம் முதலில் தேயிலைத் தோட்டத் துரைமாரின் பங்களாக்களுக்கே வாய்த்தது. தோட்டத்து ஓடையில் சுழலும் விசைச்சக்கரம் தொழிற்சாலைக்கு ஊட்டிய மின்சாரத்தில் ஒரு சிறு பங்கு பங்களாவுக்கும் போயிற்று. தொழிலாளரின் லயன் காம்பிராக்களுக்கு மண்ணெண்ணெய் விளக்கே கதியாயிருந்தது. விமலசுரேந்திரா என்னும் பொறியியலாளர் 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்த லக்சபான நீர்மின் திட்டம் பல தடைகளைக் கடந்து 1950இல் நிறைவேறியது. அதே ஆண்டு செப்டம்பர் மாத இறுதியில் இலங்கை வானொலியின் வர்த்தக சேவையும் பிறந்தது. மலைநாட்டு நீரில் பிறந்த அந்த மின்சாரம் கொழும்பை ஒளிரச் செய்ததேயன்றி, அந்நீர் விழும் சரிவுகளில் குடியிருந்தவர்களின் லயன்களில் பெரும்பாலானவற்றை மேலும் பல பத்தாண்டுகளுக்கு எட்டவில்லை. ஆகவே வானொலி அறிவிப்பாளர் மயில்வாகனனின் குரலையும் தமிழ்த் திரையிசையையும் மலையகத்துச் சனங்கள் கேட்டது கடைத்தெருவிலும், கிளாக்கர், டீமேக்கர் முதலிய உத்தியோகஸ்தரின் வீடுகளிலும், பற்றறியால் இயங்கிய வால்வுப் பெட்டிகளிலுமே. லயன்கள் தோறும் பாட்டொலி பரவியது டிரான்சிஸ்டர் வந்த பிறகு.

அவ்வாறான வால்வுப் பெட்டி ஒன்றின் பின்பலகையைக் கழற்றிப் பார்த்தால், வரிசையாக நிற்கும் கண்ணாடிக் குழல்களின் உச்சியிலோ பக்கத்திலோ, உள்புறமாக, கரிய வெள்ளிப் பூச்சு ஒன்று படிந்திருப்பதைக் காணலாம். நடுவில் அடர்ந்து ஓரத்தில் புகைபோல மெலிந்து மறையும் அப்பூச்சு அலங்காரத்துக்காக இட்டதன்று. அதற்கு எதிரே, மெல்லிய கம்பியின் நுனியில், சிறு வளையம் ஒன்று இருக்கும். குழலிலிருந்து காற்றை இறைத்து வாயை உருக்கி மூடும் வேளையில், வெளியே சுற்றிய மின்சுருளின் தூண்டுதலால் அவ்வளையத்தைச் செந்தணலாகக் காய்ச்ச, அதில் வைத்திருந்த பேரியம் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்ததன் சுவடே அந்தப் பூச்சு. தொழிலறிந்தோர் அதனைக் கெட்டர் என்பர். வால்வில் நூலிழை வெடிப்பு விழுந்து காற்றுப் புகுமாயின், அந்த வெள்ளிப் பூச்சு சடுதியில் பால் வெண்மையாக மாறிவிடும். பழுதுபார்ப்பவர் வேறு சோதனை எதுவும் செய்யாமல், கண்ணால் பார்த்த மாத்திரத்திலேயே அதைக் கழித்துவிடுவார்.

காற்றை முற்றும் இறைத்து அடைத்த குழலுக்குக் காவல் எதற்கு என்னும் ஐயத்துக்குத் தேயிலைப் பெட்டியே விடை சொல்லும். ஈயத் தகடும், பிற்காலத்தில் அலுமினியத் தகடும் உள்ளே பொதிந்த மரப்பெட்டியில் தேயிலையை அடைப்பது வெளியீரம் புகாதிருக்கவே. ஆனால் நூற்றுக்கு மூன்று பங்கு அளவுக்கு ஈரத்தை வற்றவிடாமல் அரைகுறையாய் உலர்த்திய தூளை அடைத்துவிட்டால், எத்தனை தகடு சுற்றினாலும் தன்னுள்ளிருக்கும் ஈரத்தாலேயே அது பூத்துக் கெடும். வால்வின் சத்துருவும் அங்ஙனமே உள்ளிருந்து வருவது. கண்ணாடிச் சுவரும் உலோகத் தகடுகளும் தம்முள் விழுங்கி வைத்திருக்கும் நீராவி, ஹைதரசன், கரிவாயுக்கள் ஆகியன, இழை காயக் காய, மாசக்கணக்கில் மெல்ல வெளிப்பட்டுக்கொண்டே இருக்கும். இறைக்கும் பம்பு தொழிற்சாலையில் நின்றுவிட்டது. ஆதலால் குழலோடு கூடவே இருந்து, வெளிப்படும் வாயுவை அவ்வப்போது பற்றி விழுங்கும் பதார்த்தம் ஒன்று இன்றியமையாததாயிற்று. இதனை முதலில் வகையாகப் பயன்படுத்தியவர் இத்தாலியின் ஊதினே நகரத்து ஆர்துரோ மலிஞானி. அவர் 1894இல் மின்விளக்குக் குமிழுக்குள் செம்பாஸ்பரசை இட்டு எஞ்சிய வாயுவை அகற்றினார். வானொலி வால்வுகளின் காலத்தில் முதலில் மக்னீசியமும், பிறகு பேரியமும் அவ்வேலைக்கு அமர்ந்தன.

பேரியம் சிறு குழல்களுக்குப் போதியதாயிருந்தது. பெரிய ஒலிபரப்பிகளின் குழல்களோ மிகுந்த உஷ்ணத்தில் இயங்குவன. பேரியப் பூச்சு அவ்வெப்பத்தில் மீண்டும் ஆவியாகி, படியக்கூடாத இடங்களில் படிந்து, மின்தடுப்பையே கெடுத்துவிடும். ஆவியாகிப் பறக்காமல், திண்மமாக நின்றபடியே சூட்டில் வாயுவை உட்கொள்ளும் உலோகங்கள் வேண்டியிருந்தன. சிர்கோனியமும் டைட்டேனியமும் அத்தகையன. இவ்விடத்தில் டைட்டேனியத்தின் பூர்வ விருத்தாந்தத்தைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் அவ்வுலோகத்தின் வரலாறு முழுவதும், காற்றிலிருந்து அதனைப் பிரிக்க மனிதர் பட்ட பிரயாசையின் வரலாறே ஆகும்.

இங்கிலாந்தின் கோர்ண்வால் பிரதேசத்தில் பாதிரியாராயிருந்த வில்லியம் கிரெகர், 1791ஆம் ஆண்டில், ஓர் ஓடையில் படிந்திருந்த கருமணலைக் காந்தத்தால் இழுத்தெடுத்துச் சோதித்து, அதில் இரும்போடு கூட அறியப்படாத வேறோர் உலோகம் இருத்தலைக் கண்டார். நான்காண்டு கழித்து ஜெர்மானிய இரசாயன பண்டிதர் கிளாப்ரோத், ரூட்டைல் என்னும் கனியத்தில் அதே உலோகத்தைக் கண்டு டைட்டேனியம் என்று நாமகரணம் செய்தார். கண்டாரேயன்றி எவரும் அதைக் கையில் எடுத்தாரில்லை. 1822இல் உலைக் கசடுகளில் கிடைத்த செப்பு நிறப் பளிங்குகளைச் சுத்த டைட்டேனியம் என்றே வொல்லஸ்டன் நம்பினார். அவை கரியும் நைதரசனும் கலந்த கூட்டுப்பொருள் என்பதைப் பின்னர் வோலர் எடுத்துக்காட்டினார். பெரும்பாலான உலோகங்கள் சூட்டில் ஒட்சிசனைப் பற்றுவதோடு நிற்க, இதுவோ நைதரசனையும் விடாமல் பற்றிக்கொண்டது. பற்றியதைத் தன் உடம்பெங்கும் கரைத்துக்கொண்டு, அடித்தால் கண்ணாடிபோல் நொறுங்கிற்று. 1910இல் அமெரிக்காவில் ஹண்டர் என்பவர் காற்றுப் புகாத எஃகுக் கலத்தில் சோடியத்தைக் கொண்டு வினைப்படுத்திய பின்னரே, ஓரளவு சுத்தமான உலோகம் உலகுக்குக் கிடைத்தது.

ஹொலந்து நாட்டின் ஐந்தோவன் நகரில், மின்விளக்கும் வானொலி வால்வும் செய்த பிலிப்ஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சிச்சாலையில், வான் ஆர்க்கெல், டி போர் என்னும் இருவர் 1925இல் மற்றொரு மார்க்கத்தைக் கண்டனர். காற்றகற்றிய குமிழுக்குள் மாசுள்ள உலோகத்தோடு அயடினைச் சேர்த்துச் சூடேற்றினால், இரண்டும் கூடி ஆவியாகி, நடுவில் வெண்சூட்டில் காயும் டங்ஸ்டன் இழையை அடைந்ததும் பிரிந்து, இழையின்மேல் சுத்த உலோகம் பளிங்குப் பளிங்காய் வளர்கிறது. மின்விளக்குத் தொழிலில் பழகிய கைகள் மின்விளக்கைப் போன்ற கருவியைக் கொண்டே இந்த ரசவாதத்தைச் செய்தன எனலாம். பெருவாரியாக ஆக்கும் வழியை லக்சம்பேர்க் தேசத்து வில்ஹெல்ம் குரோல் கண்டு, 1940இல் அமெரிக்காவில் உரிமைப் பத்திரம் பெற்றார். டைட்டேனியக் குளோரைட்டை மக்னீசியத்தால் வினைப்படுத்தும் அம்முறையில், உலைக்குள் ஆர்கன் வாயுவை நிரப்பவேண்டியதாயிற்று. டைட்டேனியம் தீண்டாமல் விடும் வாயு காற்றில் அது ஒன்றே என்று சொல்லுமளவுக்கு அருமையானது. அறியப்பட்டதிலிருந்து ஆக்கப்படும்வரை நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. அத்தனை காலமும் அவ்வுலோகத்துக்குச் சொல்லப்பட்ட குற்றம் ஒன்றே: அது காற்றை விடாது.

அந்தக் குற்றமே சூன்ய சாஸ்திரிகளுக்குக் குணமாயிற்று. அதே பிலிப்ஸ் ஆராய்ச்சிச்சாலையில் பென்னிங் என்பவர், காந்தப்புலத்தையும் உயர்ந்த மின்னழுத்தத்தையும் சேர்த்து, குறைந்த அழுத்தங்களை அளக்கும் மானி ஒன்றை 1937இல் வெளியிட்டார். அளக்க வந்த கருவி, அளக்கப்படும் வாயுவில் சிறிது சிறிதாகத் தானே விழுங்குவது பின்னர் கவனிக்கப்பட்டது. அளவைத் தொழிலில் அது பிழை. 1957, 1958ஆம் ஆண்டுகளில், கலிபோர்னியாவில் கிளைஸ்ட்ரான் என்னும் சூன்யக் குழல்களைச் செய்த வேரியன் நிறுவனத்தில், லூயிஸ் ஹால் முதலியோர் அந்தப் பிழையையே தொழிலாக்கி, எதிர்மின் தகடுகளை டைட்டேனியத்தால் அமைத்து, அயன் பம்பு என்னும் சாதனத்தைப் பிறப்பித்தனர். அயன்கள் சில ஆயிரம் வோல்ட்டு மின்னழுத்தத்தால் உந்தப்பட்டு வந்து தகட்டில் மோத, டைட்டேனியம் அணு அணுவாகத் தெறித்துச் சுவரெங்கும் புதுப்பூச்சாய்ப் படிகிறது. அப்பூச்சின்மேல் வந்து விழும் ஒட்சிசன், நைதரசன், கரிவாயுக்கள் எல்லாம் மீளாத கூட்டுப்பொருள்களாய் அங்கேயே அடங்குகின்றன. ஹைதரசன் மட்டும் உலோகத்தினுள்ளே கரைந்து உறைகிறது. எண்ணெயும் இல்லை, சுழலும் உறுப்பும் இல்லை. இதற்குத் துணையாக, டைட்டேனியமும் மொலிப்டினமும் கலந்த கம்பியை மின்சாரத்தால் காய்ச்சி, உலோகம் உருகாமலே ஆவியாகும்படி செய்து, நீரால் குளிர்வித்த சுவரில் படியவிடும் பம்பும் வழக்கில் வந்தது. அதனை நாள் முழுதும் காய்ச்சுவதில்லை. முன்னைய பூச்சு வாயுவால் நிறைந்துபோனபோது சில நிமிஷங்கள் காய்ச்சிப் புதிய பூச்சை இட்டுவிட்டால், சூன்யம் மறுபடி ஆழ்ந்துவிடும். ஆர்கனைப் பற்றாத இயல்பு மாத்திரம் இங்கே குறையாயிற்று. உலையில் அடைக்கலம் தந்த அதே வாயு, காற்றில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவே இருந்தும், அயன் பம்பைத் திணறச் செய்வதாயிற்று.

இனி மலைநாட்டுக்கு வருவோம். நுவரெலியா, ஹட்டன் பகுதிகளின் அடிப்பாறைகள் மிகவும் பழமையான பளிங்குப் பாறைகளைச் சேர்ந்தவை. அவற்றுள் செம்மணிக் கற்களோடும் காரீயத்தோடும் கலந்து, இல்மனைட் என்னும் கரிய கனியம் துகள் துகளாகப் பரந்திருக்கிறது. அது இரும்பும் டைட்டேனியமும் ஒட்சிசனும் கூடியது. பாறை நைந்து மண்ணாகும்போது இலகுவான துகள்களெல்லாம் முதலில் அடித்துச் செல்லப்பட, பாரமான கருந்துகள்கள் ஓடைகளின் வளைவுகளில் தங்கிக் கோடிடும். கிரெகர் பாதிரியார் கோர்ண்வாலில் காந்தத்தால் எடுத்ததும் இவ்வினத்துக் கருமணலே. ஹட்டனைச் சுற்றிய சரிவுகளில் ஒரு பக்கத்து நீர் களனியை நோக்கியும், மறுபக்கத்து நீர் மகாவலியை நோக்கியும் போகிறது. மகாவலி 335 கிலோமீற்றர் ஓடிக் கொட்டியாரக் குடாவில் கடலைச் சேர, அது கொணர்ந்த கனமான மணலைப் பருவக்காற்றுகள் எழுப்பும் கரையோர நீரோட்டங்கள் வடக்கே தள்ளிச்சென்று, திருகோணமலைக்கு அப்பால் புல்மோட்டைக் கரையில் அலையால் புடைத்துக் குவித்தன என்பது புவியியலாளர் கொள்கை. முதல் காப்பிச் செடி நடப்படுவதற்கு எத்தனையோ யுகங்களுக்கு முன்பே தொடங்கிய ஏற்றுமதி இது. மலைநாடு தன் முதற்பொருளைக் கடலுக்கு அனுப்பக் கங்காணியும் கணக்கப்பிள்ளையும் வேண்டியிருக்கவில்லை.

இத்தகைய கனியங்களை முறையாக ஆராய்ந்தவர்களுள் நம்மவர் ஒருவர் முன்னணியில் நிற்பது பெருமைக்குரியது. கலைத் தத்துவ ஞானியாக உலகம் போற்றும் ஆனந்த குமாரசுவாமி, 1903 முதல் 1906 வரை இலங்கைக் கனிப்பொருள் அளவைத் திணைக்களத்துக்குத் தலைவராயிருந்தவர். சபரகமுவப் பகுதியில் எடுக்கப்பட்ட கருமையான பாரக்கல் ஒன்றினை 1904இல் அவர் யுரேனினைட் என்று கருதி வெளிப்படுத்த, அது புதிய கனியமென்று பின்னர் தெளிந்ததிலிருந்து தோரியனைட் அறியப்பட்டது. அதன் சத்தாகிய தோரியம், பின்னர் வால்வுகளின் டங்ஸ்டன் இழைகளில் கலக்கப்பட்டு, அவற்றிலிருந்து இலத்திரன்களை எளிதில் புறப்படச் செய்யும் உபாயமாயிற்று. தோரியம் கலந்த இழையோ வாயுவின் சிறு தீண்டலுக்கும் வாடிவிடுவது. நல்ல கெட்டர் இல்லாத குழலில் அதற்கு வாழ்வில்லை.

வேரியன் நிறுவனத்தில் டைட்டேனியப் பம்பு உருவாகிக்கொண்டிருந்த அதே 1957ஆம் ஆண்டில், இலங்கையில் அரச கைத்தொழிற் கூட்டுத்தாபனச் சட்டம் நிறைவேறி, அதன்கீழ் கனிய மணற் கூட்டுத்தாபனம் நிறுவப்பட்டது. புல்மோட்டை மணலைக் கழுவி உலர்த்தி, வலிய காந்தங்களுக்கிடையே செலுத்தினால், இல்மனைட் இழுபட்டு ஒரு புறமும், காந்தத்துக்கு இசையாத ரூட்டைலும் சிர்கோனும் மறு புறமும் விழும். பிரித்த இல்மனைட் பெரும்பாலும் ஜப்பானுக்குக் கப்பலேறியது. உலகெங்கும் அதன் பெரும்பகுதி வெள்ளை வர்ணப்பொடியாகவே முடிகிறது, உலோகமாவது சிறு பங்கே. உள்நாட்டு யுத்த காலத்தில் இத்தொழில் பல ஆண்டுகள் தடைப்பட்டுக் கிடந்தது. 1997 செப்டம்பரில் புல்மோட்டைக்கு அப்பால் இல்மனைட் ஏற்றிக்கொண்டிருந்த கப்பலே தாக்குதலுக்கு உள்ளானது.

இதற்கிடையில் சூன்யக் குழல் மலைநாட்டுக்கு இரண்டாம் முறையும் வந்தது. ஜப்பானின் நன்கொடையால் அமைந்த ரூபவாஹினித் தொலைக்காட்சி 1982 பிப்ரவரியில் ஒளிபரப்பத் தொடங்கியபோது, அதன் பிரதான ஒளிபரப்பி பிதுருதலாகல உச்சியிலேயே நிறுவப்பட்டது. அக்காலத்துப் பெரிய ஒளிபரப்பிகளில் அலையை இறுதியாக வலுப்படுத்தியவை சூன்யக் குழல்களே. அந்த அலையைப் பெற்றுப் படமாக்கிய பெட்டிகளிலும் திரை என்பது கண்ணாடியாலான ஒரு பெருங்குழலே. அதன் புனலுக்குள் பேரிய வளையம் ஒன்று தன் பூச்சை இட்டிருந்தது. மின்சாரம் எட்டிய லயன்களிலே, ஒரு வீட்டுப் பெட்டியின் முன் அண்டை அயல் முழுவதும் கூடியிருந்து படம் பார்த்த காலம் அது. தட்டைத் திரை வந்த பின் அக்குழல்களும் போயின. ஆனால் கெட்டரின் தொழில் போகவில்லை. இன்று பனிக்காலையில் மலைக்குக் கொண்டுபோகும் இரட்டைச் சுவர் எஃகுக் குடுவையிலும், எஃகு மெல்ல விடும் ஹைதரசனை விழுங்குவதற்கென்று, சிர்கோனியமோ டைட்டேனியமோ கலந்த சிறு வில்லை சுவர்களுக்கிடையே வைக்கப்படுவதுண்டு.

டைட்டேனியத்தின் மகத்தான பிரயோகம் ஜெனீவாவில் நடந்தது. அங்கே பூமிக்கடியில் 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள துகள் வேகவளர்த்திக்கு, பம்பைக் குழாயின் ஓரத்தில் வைப்பதை விடுத்து, குழாயின் உட்சுவர் முழுவதையுமே பம்பாக்கிவிடும் யோசனையை பென்வெனூட்டி என்பாரும் அவர் குழுவினரும் நிறைவேற்றினர். டைட்டேனியம், சிர்கோனியம், வனேடியம் மூன்றையும் கலந்து, மயிரிழையினும் மெல்லிய படலமாக, ஏறத்தாழ ஆறு கிலோமீற்றர் நீளக் குழாய்க்குள் பூசினர். காற்றுப்பட்ட படலத்தின் மேல் ஒட்சைட்டுத் தோல் ஒன்று மூடிக்கொள்ளும். 180 பாகையில் ஒரு நாள் முழுவதும் சூடேற்றினால், அத்தோல் உலோகத்தினுள்ளேயே கரைந்து மறைய, மேற்பரப்பு மீண்டும் பசியுடையதாகும். பற்றியதை உடம்பெங்கும் கரைத்துக்கொள்ளும் அந்த இயல்பைத்தான் முற்காலத்து உலோகவியலாளர் நொறுங்கற் குணமென்று சபித்தார்கள். இந்தியாவிலும் இந்தூர் நகரத்து இண்டஸ்-2 ஒளிவளையத்தின் சூன்யத்தை டைட்டேனிய அயன் பம்புகளும், டைட்டேனியத்தை ஆவியாக்கும் பம்புகளுமே காத்துவருகின்றன.

இவ்வரலாற்றைத் தொகுத்து நோக்கும்போது, டைட்டேனியத்தின் விலை மண்ணில் இல்லை என்பது தெளிவாகிறது. பூமியோட்டில் அதைக் காட்டிலும் மிகுந்த உலோகங்கள் விரல்விட்டு எண்ணத்தக்கன. மலையிலும் மணலிலும் அது மலிந்து கிடக்கிறது. அதன் விலை முழுவதும், அதிலிருந்து ஒட்சிசனைப் பிரித்தெடுத்து, பிரித்தபின் காற்று மீளவும் தீண்டாமல் காத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய வாயுவை மட்டும் பற்றும்படி விடுகின்ற அறிவில் இருக்கிறது. மணலை மணலாகவே கப்பலேற்றும் தேசத்துக்கு அந்த அறிவின் கூலி கிடைப்பதில்லை. தென்திருவிதாங்கூரின் மணவாளக்குறிச்சியில் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் 1909இல் கண்ட கடற்கரைக் கனிய மணலும் நெடுங்காலம் அவ்வாறே வெளிநாடு போயிற்று. ஆயினும் அதே கரையின் வடக்கே, கேரளத்துச் சவறையில், ஹைதராபாத்துப் பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுகூடத்தின் முறையையும் விண்வெளித் துறையின் பொருளுதவியையும் கொண்டு, ஆண்டுக்கு 500 தொன் டைட்டேனியப் பஞ்சு ஆக்கும் ஆலை 2011இல் எழுந்தது. பாறை ஒன்று, மணல் ஒன்று, கடலும் ஏறத்தாழ ஒன்றே. வேறுபட்டது, நூறாண்டு கழித்தேனும் உலையை ஊருக்குள் கொண்டுவர வேண்டுமென்ற துணிபு. தேயிலையை வாடவைத்து, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்தி, ஒவ்வொரு படியிலும் ஈரத்தையும் காற்றையும் அளந்து பழகிய தொழிற்சாலைகள் நூற்றைம்பது ஆண்டாக இயங்கிவரும் மலைநாட்டில், அத்துணிபுக்கு வேண்டிய ஒழுங்கும் கைப்பக்குவமும் இல்லையென்று எவரும் சொல்லமுடியாது. மூலதனத்தையும் கல்வியையும் யார் கொடுப்பது என்பதே எஞ்சிய வினா. அதற்கு விடை இறுக்க வேண்டியவர்கள் ஆட்சியாளர்.